படிச்சேன் மிஸ், வரமாட்டேங்குது

பி.எட். படிப்பில் கற்றலின் உளவியலைத் துண்டு துண்டாகத்தான் சொல்லித் தருகிறார்கள். கவனம் ஓர் அலகு, நினைவும் மறதியும் ஓர் அலகு, ஊக்கம் இன்னோர் அலகு. கல்வியில் தொழில்நுட்பம் தனியாக வரும். தேர்வு எழுத இது வசதி. பயிற்சிக்காக ஏழாம் வகுப்பில் போய் நின்றாலோ நான்கும் ஒரே பையனின் முகத்தில் சேர்ந்து வந்து நிற்கின்றன. முந்தின நாள் நடத்திய பாடத்தில் ஒரு கேள்வி கேட்கிறோம். எழுந்து நிற்கிறான், ஃபேனைப் பார்க்கிறான், "படிச்சேன் மிஸ், வரமாட்டேங்குது" என்கிறான்.

அவன் பொய் சொல்லவில்லை. வீட்டில் விசாரித்தால் ராத்திரி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சத்தமாகத்தான் வாசித்தான் என்று அம்மாவே சாட்சி சொல்வார். வாசித்ததும் உண்மை, வராததும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. இன்னும் கொஞ்ச நாளில் ஆசிரியராகப் போகிற எனக்கு இது தொழில் கேள்வி. வீட்டில் பிள்ளையைப் படிக்க உட்காரவைக்கிற எல்லோருக்கும் இதில் கொஞ்சம் பயன் இருக்கும் என்று நினைக்கிறேன்.

கவனம் எங்கே போகிறது

ஏழாம் வகுப்பு அறிவியலில் ‘விசையும் இயக்கமும்’ என்றொரு பாடம் உண்டு. தொலைவு, இடப்பெயர்ச்சி, வேகம், திசைவேகம், முடுக்கம் எல்லாம் அடுத்தடுத்து வந்துவிடும். ஆசிரியர் பலகையில் எழுதிக்கொண்டே விளக்குகிறார். மூன்றாவது பெஞ்சில் ஒரு பையன் ‘இடப்பெயர்ச்சி’ என்பதை எழுத்தெழுத்தாகப் பார்த்து நோட்டில் இறக்குகிறான். ‘இடப்’ வரை எழுதி நிமிர்கிறான், ‘பெயர்’ எழுதி மறுபடி நிமிர்கிறான். அதற்குள் ஆசிரியர் திசைவேகத்துக்குப் போய்விட்டார். அவன் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த வகுப்பிலேயே அதிகம் கவனித்தவன் அவனாகக்கூட இருக்கலாம். அந்தக் கவனம் முழுவதும் எழுத்துக்கூட்டலில் செலவாகிவிட்டது, அவ்வளவுதான். பொருளுக்கு மிச்சம் இல்லை.

மனிதன் ஒரே சமயத்தில் மனத்தில் ஏந்தி வேலை செய்யக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் அதை ஏழு, கூடக்குறைய இரண்டு என்று சொன்னார். நெல்சன் கோவன் 2001-ல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசிவிட்டு, ஏறக்குறைய நான்குதான் என்று இறக்கினார். பெரியவர்களுக்கே நான்கு. புதுச்சொல் ஐந்து, அதன் எழுத்து, அதன் சூத்திரம், அதன் அலகு என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஒரே பீரியடில் ஏற்றினால் பாதி வழியிலேயே சிந்திவிடும். உள்ளே போகாததை அப்புறம் மறக்கவும் முடியாது. "மறந்துட்டேன்" என்று பிள்ளைகள் சொல்வதில் பாதி, முதலில் பதியவே இல்லாதது.

இதற்குத் தீர்வு சாதாரணமானதுதான். எழுதும்போது எழுதட்டும், விளக்கும்போது பேனாவைக் கீழே வைக்கட்டும். ஒரு சொல்லை நிலைநிறுத்திவிட்டு அடுத்ததற்குப் போகலாம். பள்ளிக்கூட வாசலில் இருந்து வகுப்பறைக்கு வளைந்து நடந்த தூரத்தையும், நேர்க்கோட்டில் பார்த்தால் எவ்வளவு என்பதையும் பிள்ளைகளையே நடக்கவிட்டுக் காட்டியபின் ‘இடப்பெயர்ச்சி’ என்று பலகையில் எழுதினால், அந்தச் சொல் வந்து உட்கார ஏற்கெனவே ஓர் இடம் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சி ஆசிரியர்களாகிய எங்களுக்குத் துணைக்கருவி மோகம் அதிகம். தெர்மாக்கோல் எரிமலை, மினுமினுக்கும் சார்ட், பறந்துவரும் எழுத்துள்ள பி.பி.டி. என்று மார்க் அங்கேதான் விழும். 2014-ல் கார்னகி மெல்லன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலை வகுப்புப் பிள்ளைகளைச் சில பாடங்களுக்குச் சுவர் நிறைய அலங்காரம் செய்த அறையிலும், வேறு சில பாடங்களுக்கு வெறும் சுவர் உள்ள அறையிலும் உட்காரவைத்தார்கள். அலங்கார அறையில் பிள்ளைகளின் கண் அதிகம் அலைந்தது. பாடத்தையொட்டிய கேள்விகளில் வெறும் அறையில் 55 விழுக்காடு சரி, அலங்கார அறையில் 42 விழுக்காடுதான். கண்ணைக் கவர்வது வேறு, கவனத்தைப் பாடத்தில் நிறுத்துவது வேறு. என் எரிமலையைப் பிள்ளைகள் ரொம்ப ரசித்தார்கள். அது எதனால் வெடிக்கிறது என்பது மட்டும் அவர்களுக்குச் சுவாரசியமாக இல்லை.

உள்ளே போடுவதும் வெளியே எடுப்பதும்

நினைவைப் பற்றிய அறிவியல் ஒரு தனி மனிதரின் பிடிவாதத்தில் தொடங்கியது. ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். அர்த்தமுள்ள சொற்களை எடுத்தால் பழைய பரிச்சயம் வந்து உதவிவிடும் என்பதால், அர்த்தமே இல்லாத அசைகளை இரண்டாயிரத்துக்கும் மேல் உருவாக்கி, பட்டியல் பட்டியலாக மனப்பாடம் செய்தார். பிறகு இடைவெளி விட்டு அதே பட்டியலை மறுபடி மனப்பாடம் செய்வார். இரண்டாம் முறை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறதோ அவ்வளவு நினைவில் தங்கியிருக்கிறது என்பது அவர் கணக்கு. 1885-ல் வெளியான அவருடைய நூலின்படி, 20 நிமிடம் கழித்து மிச்சம் 58 விழுக்காடு. ஒரு நாள் கழித்து 34. ஒரு மாதம் கழித்து 21. அதாவது மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு நிதானப்படுகிறது. நெதர்லாந்தில் 2015-ல் இதே சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தபோதும் ஏறக்குறைய இதே கோடுதான் வந்தது.

அர்த்தமுள்ள பாடம் இவ்வளவு வேகமாக அழியாது. ஆனால் கோட்டின் வடிவம் அதேதான். எனவே திங்களன்று நன்றாகப் புரிந்து தலையாட்டிய பிள்ளை புதனன்று விழிப்பதில் அதிசயம் எதுவும் இல்லை. "நேத்துதானே நடத்தினேன்" என்று ஆசிரியர் கோபிப்பதுதான் அதிசயம்.

எபிங்ஹாஸின் நூலில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு வேறொன்று. ஒரே நாளில் 68 முறை திரும்பத் திரும்பச் சொன்னதால் கிடைத்த பலன், மூன்று நாட்களில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்துவிட்டது. கிட்டத்தட்டப் பாதி உழைப்பு. தேர்வுக்கு முந்தைய நாள் கைடும் கையுமாக ராத்திரி முழுக்க உட்கார்வது ஏன் வீண் என்பதற்கு 140 ஆண்டுகளுக்கு முன்பே விடை வந்துவிட்டது. எவ்வளவு இடைவெளி விடுவது என்பதையும் பிற்கால ஆய்வுகள் அளந்திருக்கின்றன. ஒரு வாரத்தில் தேர்வென்றால் ஒரு நாள் இடைவெளி போதும். ஓராண்டு கழித்தும் நினைவிருக்க வேண்டுமென்றால் மூன்று வாரம் அளவில் இடைவெளி விட்டுத் திரும்ப எடுப்பது நல்லது. நம் பள்ளிகளில் காலாண்டுத் தேர்வு முடிந்த பாடத்தை ஆண்டிறுதி ரிவிஷன் வரை யாரும் தொடுவதில்லை.

திரும்ப எடுப்பது என்று சொன்னேன், திரும்ப வாசிப்பது என்று சொல்லவில்லை. இங்கேதான் விஷயமே இருக்கிறது. 2006-ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் கல்லூரி மாணவர்களுக்குச் சிறு உரைநடைப் பகுதிகளைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை நான்கு தடவை வாசித்தது. இன்னொரு குழு ஒரே தடவை வாசித்துவிட்டு, தாளைப் பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று தடவை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தால் வாசித்த குழுவுக்கே வெற்றி: 83 விழுக்காட்டுக்கு எதிராக 71. ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலைமை தலைகீழ். வாசித்தவர்களிடம் தங்கியது 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இன்னும் வேடிக்கை, ‘ஒரு வாரம் கழித்து எனக்கு நன்றாக நினைவிருக்கும்’ என்று அதிகம் நம்பியவர்கள் நான்கு தடவை வாசித்தவர்கள்தான்.

வாசிக்க வாசிக்கப் பாடம் சரளமாகிறது. சரளம் தெரிந்துவிட்டது போன்ற உணர்வைத் தருகிறது. அம்மா குழம்பு வைப்பதைத் தினமும் அடுப்படியில் நின்று பார்க்கிறவருக்கு எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். அம்மா ஊருக்குப் போன அன்றைக்குப் புளியை எப்போது ஊற்றுவது என்று போன் போட்டுக் கேட்பார். பார்த்தால் அடையாளம் தெரிவதும், பார்க்காமல் எடுத்துச் சொல்ல முடிவதும் மூளைக்கு வெவ்வேறு வேலைகள். தேர்வும் வாழ்க்கையும் கேட்பது இரண்டாவதை. வீட்டில் நம் பிள்ளைகள் பழகுவது முதலாவதை.

இதை என் வகுப்பில் கொஞ்சம் செய்து பார்த்தேன். பீரியட் தொடங்கியதும் நோட்டை மூடச் சொல்லி, அரைத்தாளில் முந்தைய பாடத்தில் நினைவிருப்பதையெல்லாம் எழுதச் சொன்னேன். மார்க் கிடையாது, பெயரும் எழுத வேண்டாம். முதலில் ஒரே முனகல். ஒரு மாணவி ‘முடுக்கம் =’ என்று எழுதி, கீழே கோடு போட்டு, கோட்டுக்கு அடியில் ‘காலம்’ என்று எழுதிவிட்டாள். கோட்டுக்கு மேலே என்ன என்பது வரவில்லை. பேனா முனையைக் கடித்தாள், பக்கத்தில் பார்த்தாள், அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மற்றதை எழுதினாள். பிறகு நோட்டைத் திறக்கலாம் என்று சொன்னதும் முதல் வரியிலிருந்து வாசிக்கவே இல்லை. விரல் நேராக அந்தச் சூத்திரத்துக்குப் போய் ‘திசைவேக மாற்றம்’ என்பதில் நின்றது. அதே நோட்டை முந்தைய ராத்திரி அவள் வாசித்திருப்பாள். அப்போது எல்லா வரியும் அவளுக்கு ஒரே மாதிரி இருந்திருக்கும். தனக்குத் தெரியாதது இன்னது என்று தெரிந்தபின் பார்க்கிற பார்வை வேறு.

இதற்குப் புதிதாகப் பெயர் தேட வேண்டாம். நம் பள்ளிகளில் ஸ்லிப் டெஸ்ட் காலங்காலமாக இருக்கிறது. மார்க்கைக் கத்தி வாசித்து, குறைந்தவனை நிற்கவைத்து, அதைப் பயமுறுத்தும் சாதனமாக்கி வைத்திருக்கிறோம். மார்க்கை எடுத்துவிட்டு, எழுதியதைப் பிள்ளையே சரிபார்த்துக்கொள்ள விட்டால் அது கற்பிக்கும் கருவியாகிவிடும். சரிபார்ப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. இல்லையென்றால் தப்பாக நினைவுக்கு வந்தது அப்படியே தப்பாகப் பதிந்துபோகும்.

மனப்பாடத்தைத் திட்டுவது இப்போது நாகரிகம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை ஒப்பித்த பிள்ளை, சட்டாம்பிள்ளை முன்னால் சுவடியைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். அங்கே பிரம்பு இருந்தது, சாதி இருந்தது, அந்தக் காலத்தைக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை. ஆனால் நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சி அங்கே தினசரி வேலையாக இருந்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித் தருவதும் இருந்தது. சொல்லித் தருபவனும் நினைவிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளிக்கும் கொண்டுவந்தார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே நடத்திப் பார்த்து, 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பரவியது. இன்றைக்கு நம் வகுப்புகளில் எல்லோரும் சேர்ந்து ராகம் போட்டு நோட்டைப் பார்த்து வாசிக்கிறோமே, அது மனப்பாடம்கூட இல்லை. நாற்பது பேரில் முப்பது பேர் அடுத்தவன் வாயைப் பார்த்துத் தன் வாயை அசைக்கிறார்கள்.

கணக்கில் இன்னொரு நுட்பம். பயிற்சி 3.2 என்றால் இருபது கணக்கும் ஒரே வகை. முதல் கணக்கைப் போட்டதும் மீதியைக் கை தானாகப் போட்டுவிடும். எந்த முறையைப் பயன்படுத்துவது என்று யோசிக்கும் வேலையே இல்லை. அமெரிக்காவின் புளோரிடாவில் ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு ஒரே வகைக் கணக்குகளை மொத்தமாகவும், இன்னொரு பகுதியினருக்கு வகைகளைக் கலந்தும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு நாள் கழித்து வைத்த தேர்வில் கலந்து போட்டவர்கள் 80, மொத்தமாகப் போட்டவர்கள் 64. ஒரு மாதம் கழித்து 74-ம் 42-ம். கலந்து போடும்போது பிள்ளைகள் அதிகம் தடுமாறுவார்கள், வீட்டுப்பாட நோட்டில் சிவப்பு மை கூடும். அந்தத் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ள ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் மனசு வேண்டும்.

ஹைலைட்டரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2013-ல் ஜான் டன்லோஸ்கி குழுவினர் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் அடிமட்டத்தில் இருந்தன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும் இடைவெளி விட்டுப் படிப்பதும் உச்சியில். ‘இவன் பார்த்துக் கற்பவன், அவள் கேட்டுக் கற்பவள்’ என்று பிள்ளைகளைப் பிரிக்கும் கொள்கையை எங்களுக்கு இன்னும் நடத்துகிறார்கள். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் உண்டு என்பதற்குத் தகுந்த சான்று இல்லை என்று 2008-லேயே ஒரு விரிவான மதிப்பாய்வு வந்துவிட்டது. தேர்வில் வந்தால் எழுதுவேன். வகுப்பில் கடைப்பிடிக்க மாட்டேன்.

தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிப் படிக்கவைப்பதில் நம் வீடுகளுக்கு அபார நம்பிக்கை. பகலில் படித்தது உறுதிப்படுவது பெருமளவு தூக்கத்தில்தான். ஒன்பது மணிக்குத் தூங்கிய பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினாலே தூக்கம் குறைவுதான். பதினொன்றரை வரை டிவி ஓடும் வீட்டில் அதே அலாரம் வைத்தால், படித்ததைத் தங்கவிடாமல் செய்கிற வேலையைத்தான் அந்த அலாரம் செய்கிறது.

போன் என்ன செய்கிறது

என் வகுப்புத் தோழர்கள் பலர் பலகையில் இருப்பதை நோட்டில் எழுதுவதில்லை. பீரியட் முடிவில் ஒரு போட்டோ, அத்தோடு சரி. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹெங்கல் இதையொத்த ஒன்றைச் சோதித்து 2014-ல் வெளியிட்டார். அருங்காட்சியகத்தில் சில பொருட்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் போட்டோ எடுக்கச் சொன்னார். மறுநாள் கேட்டபோது போட்டோ எடுத்த பொருட்கள் குறைவாகவே நினைவிருந்தன. போனிடம் ஒப்படைத்துவிட்டோம் என்ற நிம்மதியில் மனம் கையை உதறிவிடுகிறது. ஆனால் பொருளின் ஒரு பகுதியைத் தேர்ந்து நெருக்கமாக எடுத்தவர்களுக்கு இந்த இழப்பு இல்லை. எதை எடுப்பது என்று தேர்வு செய்ய அவர்கள் கவனித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

வகுப்பில் திரை திறந்திருந்தால் பாதிப்பு அதன் சொந்தக்காரரோடு நிற்பதில்லை. கனடாவில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், விரிவுரை கேட்கும்போதே மடிக்கணினியில் வேறு வேலை பார்த்த மாணவர்கள் 55 விழுக்காடு வாங்கினார்கள், மற்றவர்கள் 66. அடுத்த சோதனையில், தாங்கள் எதுவும் செய்யாமல், பக்கத்தில் அப்படி வேலை பார்க்கிறவரின் திரை கண்ணில் படும்படி உட்கார்ந்தவர்கள் 56 வாங்கினார்கள், கண்ணில் படாதவர்கள் 73. வீட்டிலும் இதே கதைதான். பிள்ளை கையில் போன் இல்லை, அப்பா கையில் ரீல்ஸ் ஓடுகிறது.

அதற்காகத் தொழில்நுட்பத்தை வாசலிலேயே நிறுத்திவிட முடியாது. பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு மடிக்கணினிகளை அள்ளிக் கொடுத்தார்கள். 319 பள்ளிகளில் ஆராய்ந்தபோது, பதினைந்து மாதம் கழித்தும் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை. டெல்லியில் நடந்தது வேறு. நடுநிலை வகுப்புப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, பள்ளி முடிந்தபின் ஒரு மையத்துக்கு வரவழைத்தார்கள். பாதி நேரம் கணினி, பாதி நேரம் சிறு குழுவில் ஆசிரியர் உதவி. கணினி பிள்ளையின் வகுப்பைப் பார்க்கவில்லை. அவனுக்கு உண்மையில் என்ன தெரியும் என்று சோதித்து, அங்கிருந்து கேள்வி கேட்டது. ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள். நாலரை மாதத்தில், குலுக்கலில் தேர்வாகாதவர்களைவிடக் கணக்கிலும் இந்தியிலும் தெளிவாக முன்னேறிவிட்டார்கள். 2019-ல் வெளியான இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகத் தெரிவது இது: அந்த மென்பொருள் பிள்ளையிடம் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. பதில் சொன்னால்தான் அடுத்தது வரும். நம் பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு இருக்கிறது. அதை ஸ்கேன் செய்து காணொளியை ஓடவிட்டு ஆசிரியர் நகர்ந்துவிட்டால், அது வண்ணத்தில் நடக்கும் திரும்ப வாசித்தல்தான். நடுவில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும், எழுதுங்க" என்று கேட்டால் அதே காணொளி வேறு பொருளாகிவிடும்.

"எல்லாம் கூகுள்ல இருக்கே, எதுக்கு மண்டையில ஏத்தணும்?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். 1973-ல் சேஸ், சைமன் இருவரும் சதுரங்க ஆட்டக்காரர்களுக்கு நடு ஆட்டத்தில் உள்ள பலகையை ஐந்து வினாடி காட்டி மறைத்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பதினாறு காய்கள் அளவுக்குச் சரியாகத் திரும்ப அடுக்கினார், தொடக்கநிலைக்காரர் நான்கு. காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டியபோது இருவருக்கும் வித்தியாசமே இல்லை. தேர்ந்தவருக்குப் பெரிய ஞாபகசக்தி என்று ஒன்றும் கிடையாது. ஆட்டத்தின் அமைப்புகள் நினைவில் குவிந்திருப்பதால் பல காய்களை ஒன்றாகப் பார்க்கிறார். வாய்ப்பாடு தெரிந்த பிள்ளை பின்னக் கணக்கில் நிதானமாக யோசிப்பது இதனால்தான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்பதற்கே போனைத் தேடுகிறவனுக்கு, மனம் ஏந்தக்கூடிய அந்த நான்கு இடமும் அங்கேயே நிரம்பிவிடும்.

ஸ்டாரும் சபாஷும்

ஊக்கத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் பாடத்தில் அது முன்னால் வரும்: ஊக்கம் இருந்தால் கவனம், கவனம் இருந்தால் நினைவு. வகுப்பில் நான் பார்ப்பது பெரும்பாலும் எதிர்த்திசையில் ஓடுகிறது. கனடாவின் கியூபெக்கில் ஏறக்குறைய 1500 பிள்ளைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து நாலாம் வகுப்பு வரை தொடர்ந்து கவனித்த ஆய்வு 2016-ல் வெளியானது. கணக்கு வந்த பிள்ளைகளுக்குப் பிறகு கணக்கில் விருப்பம் கூடியது. விருப்பம் இருந்ததால் பிறகு கணக்கு வந்தது என்பதற்கு அங்கே அடையாளம் கிடைக்கவில்லை. மேடை போட்டு நடக்கும் தன்னம்பிக்கைப் பேச்சுகள் மறுநாளே ஏன் ஆறிப்போகின்றன என்பது இதிலிருந்து கொஞ்சம் புரிகிறது. இரண்டரை வகுப்பு பின்னால் இருக்கும் பையனிடம் ‘உன்னால் முடியும்’ என்றால், தினமும் ஆறு பீரியட் முடியாமல் உட்கார்ந்திருக்கும் அவன் யாரை நம்புவான்?

பரிசு கொடுக்கலாமே என்பார்கள். ஸ்டான்ஃபோர்டு வளாகத்து மழலையர் பள்ளியில் 1970-களின் தொடக்கத்தில், வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது ஒரு குழுவுக்கு. சொல்லாமல், வரைந்தபின் கொடுத்தது இன்னொரு குழுவுக்கு. மூன்றாவதற்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து ஓய்வு நேரத்தில் பேனாக்களை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசு என்று முன்பே சொல்லப்பட்ட பிள்ளைகள் மற்றவர்கள் செலவிட்டதில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். இதை வைத்து ஸ்டாரே போடக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆசையே இல்லாத வேலையைத் தொடங்கிவைக்க ஒரு ஸ்டார் உதவலாம். ஏற்கெனவே ஆசையாகச் செய்வதற்குக் கூலி பேசுவதுதான் ஆபத்து.

பாராட்டும் அப்படித்தான். 1998-ல் வெளியான முல்லர், டுவெக் ஆய்வில் ‘நீ புத்திசாலி’ என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடினமான புதிர்களில் சறுக்கியதும் சீக்கிரம் துவண்டார்கள். உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். இதிலிருந்து கிளம்பிய மனப்பான்மைப் பயிற்சிகள் உலகெங்கும் விற்பனையாயின. ஆயிரக்கணக்கான மாணவர்களிடம் பிறகு சோதித்தபோது பலன் இருந்தது, சிறிய அளவில். வெறும் ‘சபாஷ்’ என்பதைவிட, "போன வாரம் இந்தக் கோட்டுக்கு மேலே வெறுமையா விட்ட, இன்னைக்கு எழுதிட்ட" என்பது நல்ல பாராட்டு. அதில் சாட்சி இருக்கிறது, பிள்ளையால் மறுக்க முடியாது. அந்தச் சாட்சியை உண்டாக்க மார்க் இல்லாத ஸ்லிப் டெஸ்ட் போன்ற ஏதாவது ஒன்று தொடர்ந்து நடந்தாக வேண்டும்.

என்னை வழிநடத்திய மூத்த ஆசிரியர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார். "எல்லாம் சரிம்மா, போர்ஷன் யாரு முடிக்கிறது?" அவர் கவலை நியாயமானது. பாடம் முடியாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். நாங்கள் உட்கார்ந்து ஒரு பீரியடைப் பிரித்துப் பார்த்தோம். வருகைப்பதிவுக்குப் பின் பாடத்தை ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து வாசிப்பதற்கும், கைடில் உள்ள விடையைப் பலகையில் எழுதிப்போட்டு அதை எல்லோரும் நோட்டில் இறக்குவதற்கும் பாதி நேரம் போய்க்கொண்டிருந்தது. வாசிப்பைத் தமிழ்ப் பாடத்துக்கு விட்டுவிடலாம், விடையை முதலில் பிள்ளைகளே எழுதிப் பார்த்து, தவறியதை மட்டும் பலகையில் போடலாம் என்று முடிவானது. மிச்சமாகும் நேரத்தில் மூன்று கேள்விகள்: ஒன்று நேற்றையது, ஒன்று போன வாரத்தது, ஒன்று போன மாதத்தது. போன மாதத்துக் கேள்வியை அவரே எடுத்துத் தருவதாகச் சொன்னார், எந்த இடத்தில் பிள்ளைகள் வழுக்குவார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.